பதில்: காய்ச்சலோடு படுத்திருக்கும்போது இணையமும் போய்விட்டது

மூன்று நாளாகக் காய்ச்சல், இணையமும் இல்லை, இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தால் "ரவுட்டரை அணைத்துப் போடுங்க" என்றே சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது.

ரவுட்டர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' (LOS, சிக்னல் இல்லை என்று காட்டுவது) என்ற சின்ன விளக்கு சிவப்பாக எரிகிறதா, பாருங்கள். எரிந்தால் ஃபைபர் என்ற கண்ணாடி இழை ஒயர் வழியே ஒளி வந்து சேரவில்லை; எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. எங்கள் வீட்டில் அலமாரியை நகர்த்தியபோது அந்த மெல்லிய மஞ்சள் ஒயர் மடங்கிப்போயிருந்தது. ஒயரைக் கழற்றினால் முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்த முறை "எல்ஓஎஸ் சிவப்பு, ஆள் அனுப்புங்க" என்று மட்டும் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். புகார் தீராவிட்டால் மேல்முறையீடு செய்ய அது வேண்டும். முடிந்தால் வீட்டில் வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள்.

அப்புறம், மூன்று நாளாகிவிட்டதே, இன்றே டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இணையம் நாளைக்கு வரட்டும்.