தனுஷ்கோடி மணலில் 450 கிலோ கவசம் ஓடுமா?

உங்கள் கதையில் வீரன் 450 கிலோ எந்திரக் கவசத்தோடு அரிச்சல்முனை மணலில் பாய்ந்து ஓடுகிறான், வாசித்த நண்பர் நம்பவில்லை என்கிறீர்கள். நண்பர் பக்கம்தான் நியாயம். மோட்டாரின் பலம் மணலுக்குத் தெரியாது.

ஆளோடு சேர்த்து 530 கிலோ, பாதம் 35க்கு 15 சென்டிமீட்டர். ஒற்றைக் காலில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ விழும். வெறுங்காலில் நடக்கும் நமக்கு ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு. நமக்கே அங்கே கால் புதைகிறது! 2017க்கு முன், சாலை வராத காலத்தில், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேனில் போனவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

மணலைக் கண்டதும் பாதம் 60க்கு 30 ஆக விரியட்டும். அழுத்தம் நம் அளவுக்கு இறங்கிவிடும், ஒட்டகத்துக்கு வாய்த்த மாதிரி. ஆனால் ஓட்டம் போய் அகட்டிய நடைதான் மிஞ்சும். ஓடியே தீரவேண்டும் என்றால் அலை நனைத்த ஓரத்தில், இறுகிய மணலில் ஓடவிடுங்கள்.

அப்புறம் உப்பு. 1914ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கே துரு ஓயாத தலைவலியாக இருந்தது. ராத்திரியில் அவன் மூட்டுகளை நல்ல தண்ணீரில் கழுவும் காட்சி ஒன்று வையுங்கள். அந்தத் தண்ணீருக்கு அவன் அலைவதையும் சேர்த்து.