முதலில் மனிதர்கள், பிறகு பிரமிடுகள்

அன்புள்ள ஐயா,

குவாத்தமாலா பயணம் பற்றி நீங்கள் எழுதியதை வீட்டில் எல்லோரும் வாசித்தோம். வரும் டிசம்பரில் நாங்களும் பத்து நாள் போகலாம் என்றிருக்கிறோம். மகளுக்குப் பதின்மூன்று வயது, மகனுக்கு எட்டு. நாங்கள் இருப்பது ஒக்லஹோமாவில்.

பயண ஏற்பாட்டாளர்கள் தரும் திட்டம் எல்லாம் பிரமிடுகள் நிற்கும் டிக்கல் முதலான பழைய மாயா நகரங்களைச் சுற்றியே இருக்கிறது. கிராமங்களுக்கு ஒரே நாள். நீங்களோ டிக்கலைப் பற்றி இரண்டு வரிதான் எழுதினீர்கள். மாயா நாகரிகம் அழிந்துவிட்டது என்றுதான் பள்ளியில் படித்தேன். அப்புறம் கிராமங்களில் பார்க்க என்ன இருக்கும்? இன்னொரு தயக்கமும் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மக்களின் வீட்டையும் வழிபாட்டையும் வேடிக்கை பார்ப்பது சரியா? சடங்குப் படம் ஒன்றுகூட நீங்கள் போடாததற்கு இதுதான் காரணமா? அங்கே நடந்த போரைப் பற்றிப் பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்லலாம்?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

அதே பாடத்தை நானும் பள்ளியில் படித்தேன். அது தவறு. டிக்கல் போன்ற தாழ்நில நகரங்கள் 9-ஆம் நூற்றாண்டை ஒட்டி வெறிச்சோடிப் போயின, அவ்வளவுதான். மக்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். 2018 கணக்கெடுப்பில் குவாத்தமாலாவில் ஏறக்குறைய 42 சதவீதம் பேர் தங்களை மாயர் என்று பதிந்தார்கள். அந்த ஒரு நாட்டிலேயே 22 மாயா மொழிகள் பேசப்படுகின்றன. நாங்கள் போய் இறங்கிய அன்று வேனில் வந்த வழிகாட்டி, "மறைந்துபோன மாயர்கள்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வண்டி ஓட்டியவரின் தாய்மொழி அந்த மாயா மொழிகளில் ஒன்றான கிச்சே. இடையில் வீட்டிலிருந்து போன் வந்தது, அதிலும் கிச்சேயில்தான் பேசினார். என் மகன் அவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். என் திட்டத்தை மாற்றியது அந்தப் பார்வைதான். டிக்கலைப் பயணத்தின் கடைசிக்குத் தள்ளிவிட்டு அதித்லான் ஏரிக்கரையில் தங்கினோம்.

ஏரியைச் சுற்றி மூன்று எரிமலைகள். கரையோர ஊர்கள் சிலவற்றில் கக்சிகேல் பேசுகிறார்கள், சிலவற்றில் த்சுதுஹில். அரை மணி நேரம் படகில் போனால் மொழி மாறிவிடும், பெண்களின் மேல்சட்டையான வீபிலின் நிறமும் பின்னலும் மாறிவிடும். சான் ஹுவான் லா லகுனாவில் ஒரு நெசவாளர் வீட்டில் நான்கு இரவு இருந்தோம். காலையில் எங்களை எழுப்பியது கை தட்டும் ஓசை. முதலில் யாரோ பாடப் பழகுகிறார்கள் என்று நினைத்தோம். தெருவெல்லாம் வீட்டுக்கு வீடு பெண்கள் இரண்டு கைக்கும் நடுவே மாவைத் தட்டி தோர்த்தியா என்ற மக்காச்சோள ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மக்காச்சோளத்தை முதல் நாளே சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப்போடுகிறார்கள். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு. மேல்தோல் கழன்றுவிடும், அரைத்தால் மாவு பிரியாமல் பிடிக்கும். விடிந்ததும் பாத்திரத்தோடு தெருமுனை மில்லுக்குப் போய் அரைத்து வருவார்கள். இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் அப்படியே சாப்பிட்டால் உடம்பில் சேராது, சுண்ணாம்பு பட்டால்தான் பிரிந்து வரும். ஐரோப்பியர்கள் விதையை மட்டும் கொண்டு போனார்கள், சமைக்கும் முறையை விட்டுவிட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டில் மக்காச்சோளத்தையே நம்பியிருந்த ஸ்பெயின், இத்தாலி ஏழை விவசாயிகளுக்குத் தோல் வெடித்து, புத்தி பேதலித்து, பெலாக்ரா என்ற நோய் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் அதனால் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். இந்தக் கிராமத்துப் பாட்டிகளின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுவைத்த முறை அது. மண்ணாலும் மரத்தாலும் செய்த மனிதர்கள் சரிப்படாமல், கடைசியில் மக்காச்சோள மாவால் செய்தார்கள் தெய்வங்கள் என்று கிச்சே மக்களின் படைப்புக் கதை சொல்கிறது. அந்த வீட்டில் நான்கு நாள் சாப்பிட்ட பிறகு எனக்கு அது கதையாகவே தோன்றவில்லை.

என் மகன் தட்டிய தோர்த்தியா மூன்று இடத்தில் கிழிந்தது. வீட்டுப் பாட்டி அதைத் தூக்கிப் போடவில்லை. கல்லில் போட்டு எடுத்து அவன் தட்டிலேயே வைத்தார். நீங்கள் கேட்டீர்களே, வேடிக்கை பார்ப்பது சரியா என்று. தள்ளி நின்று பார்த்தால் அது வேடிக்கைதான். உட்கார்ந்து, கையை மாவில் வைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுச் செய்தால் நீங்கள் விருந்தாளி. அதற்கு ஒரே வீட்டில் சில நாள் இருக்க வேண்டும். ஒரு நாளில் மூன்று கிராமம் என்ற திட்டத்தை ஏற்காதீர்கள்.

என் மகள் அந்த வீட்டில் இடுப்புத்தறி பழகினாள். தறியின் ஒரு முனை தூணில், மறுமுனை நெசவாளியின் இடுப்பில். உடம்பு பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். ஒரு நல்ல வீபில் முடிய மாதக்கணக்கில் ஆகும். இதைப் பார்த்த பிறகு சந்தையில் பேரம் பேச எங்களுக்கு மனம் வரவில்லை. நீங்களும் பேச வேண்டாம். முடிந்தவரை நெய்தவரிடமே நேராக வாங்குங்கள். தங்கள் வடிவங்களைப் பிறர் எடுத்து விற்பதை எதிர்த்து மாயா நெசவாளர் பெண்கள் 2016-ல் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்கள் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

சரி, சடங்குக்கு வருகிறேன். படம் போடாததற்கு நீங்கள் நினைத்ததுதான் காரணம். சாந்தியாகோ அதித்லானில் மாஷிமோன் என்ற தெய்வம் இருக்கிறது. தொப்பி, கழுத்து நிறையத் துணிகள், வாயில் சுருட்டு. ஆண்டுக்கு ஒரு வீடாக மாறி மாறிக் குடியிருக்கும். காசு கொடுத்தால் படம் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் போனபோது ஒரு தாய் தன் மகனைத் தெய்வத்தின் முன் மண்டியிடச் சொல்லி, மெழுகுவர்த்தி ஏற்றி, அழுதுகொண்டே பேசிக்கொண்டிருந்தார். காசைக் கொடுத்தோம், காமிராவைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டோம். சிச்சிகாஸ்தெனாங்கோ (சுருக்கமாகச் சிச்சி) என்ற ஊரில் சாந்தோ தொமாஸ் தேவாலயத்தின் உள்ளே படம் எடுக்கவே கூடாது. முன்படிகள் கொப்பல் சாம்பிராணி போட்டு வழிபடுபவர்களுக்கானவை, வெளியார் பக்கவாசல் வழியாகப் போக வேண்டும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

சிச்சியில் ஒரு நாள்கணிப்பாளரைச் சந்தித்தோம். அவர்களை அஹ்கிஹ் என்கிறார்கள். அவர் பார்க்கும் நாட்காட்டிக்கு 260 நாள். இருபது நாட்பெயர்களும் ஒன்று முதல் பதின்மூன்று வரையான எண்களும் சேர்ந்து சுழல்கின்றன. பிள்ளை வயிற்றில் இருக்கும் காலம் இது என்று அவர் விளக்கினார். கிச்சேயில் வினாக் என்றால் மனிதர், இருபது என்ற எண்ணுக்கு ஹுவினாக், அதாவது ஒரு மனிதர். கைவிரல் பத்து, கால்விரல் பத்து. என் மகனின் நாள் 'ஏ' என்றார், பாதை என்று பொருள். எண்ணும் பெயரும் சேர்ந்த அதே நாள் 260 நாளுக்கு ஒருமுறை வரும் என்று தெரிந்ததும் அவன் அடுத்த பிறந்தநாளைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான், இன்றைக்கும் போட்டுக்கொண்டிருக்கிறான்.

டிக்கலைக் கடைசியில் வைக்கச் சொல்வதும் இதனால்தான். அங்கே கிடைத்த ஒரு கல்தூணில் கி.பி. 292-ஐச் சேர்ந்த தேதி இருக்கிறது. அதைப் பொறித்தவர்கள் இதே 260 நாள் சுற்றையும் எண்ணியவர்கள். அதை இன்றும் எண்ணுபவரின் எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிள்ளை அந்தக் கற்களைப் பார்க்கும் விதமே வேறு.

போரைப் பற்றி. அரசுக்கும் கிளர்ச்சிப் படைகளுக்கும் இடையே 1960 முதல் 1996 வரை நடந்தது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், காணாமல் போனார்கள். போர்க் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையம் 1999-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, அடையாளம் காணப்பட்ட பலியானோரில் 83 சதவீதம் மாயர்கள். சில பகுதிகளில் அரசு நடத்தியது இனப்படுகொலை என்றே அது சொன்னது. உங்கள் மகனுக்கு இப்போது இது வேண்டாம். மகளிடம் சொல்லுங்கள், அவளுக்குத் தாங்கும் வயதுதான். சாந்தியாகோ அதித்லானில் 1990 டிசம்பர் 2 அன்று ராணுவம் சுட்டுப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். ஊர் மொத்தமும் எழுந்து நின்றது, ராணுவம் முகாமைக் காலி செய்துவிட்டுப் போனது. அந்த இடம் இன்று அமைதிப் பூங்கா. அதற்கு முன், 1981-ல், அந்த ஊர்ப் பாதிரியார் ஸ்டான்லி ரோதரை அவர் இருப்பிடத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். உங்கள் ஒக்லஹோமாவின் ஒகார்ச்சியில் பிறந்தவர் அவர். உடல் ஊருக்குப் போனது, இதயத்தை மட்டும் த்சுதுஹில் மக்கள் கேட்டு வாங்கித் தங்கள் தேவாலயத்தில் வைத்துக்கொண்டார்கள். உங்கள் மகளிடம் அவரிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

இனி நடைமுறை. ஏரியில் மதியத்துக்குப் பிறகு ஷொகொமில் என்ற காற்று எழும், படகு துள்ளும். பிள்ளைகளோடு காலையிலேயே கடந்துவிடுங்கள். டிசம்பர் இரவுகள் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். நன்றி சொல்ல 'மால்த்யோஷ்' என்ற ஒரு சொல்லையாவது பழகிக்கொள்ளுங்கள், முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். கையில் வரும் 25 சென்டாவோ நாணயத்தை மகனிடம் கொடுங்கள். அதில் நீள நாடாவைத் தலையில் சுற்றியிருக்கும் பெண், சாந்தியாகோ அதித்லானில் வாழ்ந்த ஒருவர். அந்தத் தலைச்சுற்றை அணிந்த மூதாட்டிகளை ஊருக்குள் அவனே கண்டுபிடிக்கட்டும்.

தேதியை மாற்ற முடியுமானால் டிசம்பர் 21-ல் சிச்சியில் இருங்கள். சாந்தோ தொமாஸ் திருவிழாவின் கடைசி நாள் அது. முகமூடி ஆட்டம் இருக்கும், உயரமான கம்பத்தின் உச்சியிலிருந்து கயிற்றில் சுழன்று இறங்குவார்கள், வாணவேடிக்கை காது கிழியும். எட்டு வயதுப் பிள்ளைக்குக் காதில் வைக்கப் பஞ்சு எடுத்துப் போங்கள்.

அன்புடன்