ஸ்பீக்கரில் ‘உம்’ சத்தம்: எர்த் பற்றிச் சில கேள்விகள்

ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் மாட்டும் ‘கிரவுண்டிங் பாக்ஸ்’ வாங்கினால் இசை தெளிவாகும் என்கிறார்கள். உண்மையா?

பாட்டை நிறுத்திவிட்டு, வழக்கமான வால்யூமில் ஸ்பீக்கர் அருகே காதை வைத்துக் கேளுங்கள். இரைச்சலே இல்லையென்றால் அந்தப் பெட்டிக்கு அங்கே வேலை இல்லை. பெரும்பாலான பெட்டிகளுக்குள் உலோகத் தூளும் தாதுப்பொடியும்தான். நம் கருவியிலிருந்து ஒரு வயர் உள்ளே போகும், அதோடு சரி. மண்ணோடு தொடர்பு கிடையாது. காதுக்கு எட்டும் அலைவரிசையில் அது எதையும் மாற்ற வழியில்லை. அந்தக் காசில் கனமான திரைச்சீலையும் தரைவிரிப்பும் வாங்கிப் போடுங்கள், வித்தியாசம் கேட்கும்.

செட்டாப் பாக்ஸை ஆம்ப்ளிஃபையரில் இணைத்தால் மட்டும் ‘உம்ம்’ என்கிறது. கழற்றினால் நின்றுவிடுகிறது.

பெரும்பாலும் இது எர்த் லூப். ஆம்ப்ளிஃபையருக்கு மூன்று பின் பிளக் வழியாக ஓர் எர்த் கிடைக்கிறது. தெருவிலிருந்து வரும் கேபிள் டிவி ஒயரின் வெளிக்கம்பி வலை இன்னோர் எர்த்தைக் கொண்டுவருகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சிறு வோல்டேஜ் வித்தியாசம் உங்கள் ஆடியோ ஒயர் வழியாக ஓடுகிறது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ்தான் அந்த ‘உம்’.

ஆடியோ ஒயரை விட்டுவிட்டு, கேபிள் டிவி ஒயரை மட்டும் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி அதுதான். அந்த ஒயரில் ஒரு ஐசோலேட்டர் (சிக்னலை விட்டு, எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் சிறு கருவி) போட்டால் போதும். டிஷ் ஆன்டெனா என்றால் அது சரிவராது, ஏனென்றால் டிஷ்ஷின் தலைக்கு மின்சாரமே அந்த ஒயரில்தான் போகிறது. செட்டாப் பாக்ஸுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் ஆப்டிகல் கேபிளுக்கு மாறிவிடுங்கள். அதில் ஒளி மட்டுமே போகும், லூப்புக்கு இடமே இல்லை. ஆடியோ ஒயரில் மாட்டும் மலிவான ஐசோலேட்டர்களும் இந்த ‘உம்’ சத்தத்தை (ஹம்) நிறுத்தும், ஆனால் கூடவே பாஸையும் (தாழ்ந்த ஒலிகளை) கொஞ்சம் தின்றுவிடும்.

நண்பர் சொன்னபடி பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றினேன். ஹம் போய்விட்டது. அப்படியே விடலாமா?

கூடாது. இன்றே மாட்டுங்கள். உள்ளே பேஸ் ஒயர் பிய்ந்து உலோக உடம்பைத் தொட்டால், நீங்கள் தொடும் வால்யூம் திருகில் 230 வோல்ட் நிற்கும். லூப்பை ஆடியோ ஒயரிலோ கேபிள் டிவி ஒயரிலோதான் உடைக்க வேண்டும், பிளக்கின் எர்த்தில் அல்ல.

டர்ன்டேபிளோடு (இசைத்தட்டு பிளேயர்) ஒரு மெல்லிய தனி ஒயர் வந்திருக்கிறது. எங்கே மாட்டுவது?

ஆம்ப்ளிஃபையரில் டர்ன்டேபிளை இணைக்கும் போனோ இன்புட் பக்கத்தில் உள்ள கிரவுண்ட் திருகில். சாதாரண மூவிங் மேக்னட் ஊசி தருவது சில மில்லிவோல்ட்தான். போனோ பகுதி அதைச் சுமார் 100 மடங்கு பெருக்கும். ஹம் புகுந்தால் அதுவும் கூடவே பெருகும். எர்த்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டிய இடம் என்றால் இதுதான்.

ஆடியோவுக்கென்று தோட்டத்தில் தனி எர்த் பிட் போடலாமா?

முதலில் இருக்கும் எர்த்தைச் சோதியுங்கள். பழைய வீடுகளில் சாக்கெட்டின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் பல சமயம் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஏறக்குறைய 230 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒன்றிரண்டு வோல்ட் காட்ட வேண்டும். புதிய பிட் போட்டாலும் அதை வீட்டின் பழைய எர்த்தோடு கட்டாயம் இணைக்க வேண்டும். தனியாக விட்டால், பக்கத்தில் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவில் பெரிய வோல்டேஜ் எழும். அது உங்கள் கருவிகள் வழியாகத்தான் பாயும்.

ஸ்பீக்கரில் சத்தமில்லை, ஆம்ப்ளிஃபையர் பெட்டியே உறுமுகிறது.

அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. எந்த எர்த்தும் உதவாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.