டேலில்லி இலையில் துரு நோய்: வீட்டு மருந்து கேட்குமா?

டேலில்லி என்ற பூச்செடிக்கு வரும் துரு நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை. இலையின் அடிப்பக்கத்தை வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கை வைத்தது போல ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் அதுதான். அந்தப் பொடி முழுக்க பூஞ்சையின் வித்துகள்.

வித்து காற்றில் பறக்கும். ஆனால் முளைக்க, இலை தொடர்ந்து ஐந்தாறு மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வரும் ஆடி மாதத்தில் கோவை, பொள்ளாச்சிப் பக்கம் அதற்கு வசதிதான்.

முதல் மருந்து கத்தரிக்கோல். இந்தப் பூஞ்சை உயிருள்ள இலையில்தான் வாழும். அதனால் நோய் முற்றியிருந்தால் தரையிலிருந்து நாலு விரல் விட்டு எல்லா இலைகளையும் வெட்டி, கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கிழங்குபோல் தடித்த வேர் இருப்பதால் செடி மறுபடி துளிர்க்கும். தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் ஊற்றுங்கள்.

அப்புறம் வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, எண்ணெய் தண்ணீரோடு கலக்க கொஞ்சம் சோப்புக் கரைசல். துளிர் வந்ததும் வாரம் ஒருமுறை, வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளிக்கலாம். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுவது மாதிரிதான் இது. மாவு ஒட்டுவதற்கு முன் தடவினால்தான் பலன். சமையல் சோடாவை நான் சொல்ல மாட்டேன், கொஞ்சம் கூடினாலும் இலை கருகும்.

போர் தண்ணீரில் இரும்பு அதிகம், அதனால்தான் துரு பிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெயரும் நிறமும் தவிர இரும்புத் துருவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.