கேபிளும் இல்லை, வீட்டில் இணையமும் இல்லை: போனில் உள்ள வீடியோக்களை லேப்டாப்புக்கு எப்படி மாற்றுவது?

ஆண்ட்ராய்டு போனில் எடுத்த பெரிய பெரிய வீடியோக்களை விண்டோஸ் லேப்டாப்புக்கு மாற்ற வேண்டும், கேபிள் சரியில்லை, வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது, நாளுக்கு ஒன்றரை ஜிபி டேட்டாதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம். செயலியை இறக்கும் அந்த ஒரு முறை தவிர, டேட்டா துளிகூடச் செலவாகாது.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். லோக்கல்சென்ட் என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது. விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதைப் போனிலும் லேப்டாப்பிலும் நிறுவிக்கொள்ளுங்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டைப் போடுங்கள். லேப்டாப்பை அந்த ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். இரண்டிலும் செயலியைத் திறந்தால் போன் திரையில் லேப்டாப்பின் பெயர் தெரியும். வீடியோக்களைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பெயரைத் தொட்டு, லேப்டாப்பில் ‘ஏற்றுக்கொள்’ என்று கொடுத்தால் வேலை முடிந்தது.

மொபைல் டேட்டாவை அணைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹாட்ஸ்பாட் கிடைத்ததும் லேப்டாப் தன் பாட்டுக்கு விண்டோஸ் அப்டேட்டை இறக்க ஆரம்பித்துவிடும். உங்கள் ஒன்றரை ஜிபி அதிலேயே கரைந்துவிடும். வீடியோ போவதற்கும் இணையத்துக்கும் சம்பந்தமே இல்லை. போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபை வலைக்குள் இருக்கும்போது கோப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராகப் போகிறது, வெளியே எந்த சர்வருக்கும் போவதில்லை. இது தெரியாமல் டேட்டா தீர்ந்துவிடும் என்று பயந்தே பலர் இந்த வழியைத் தொடாமல் இருக்கிறார்கள்.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழா வீடியோக்களைச் சேர்த்துத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பால்குடத்தை ஒருவர் எடுத்திருப்பார், தீமிதியை இன்னொருவர், தேர் திரும்பும் முனையை மாடியில் நின்று வேறொருவர். திருவிழா முடிந்ததும் ஒவ்வொருவர் போனிலிருந்தும் வாங்கி லேப்டாப்பில் ஏற்றுவேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எந்தச் செயலி என்பதைவிட, வீடியோ எந்தப் பாதையில் போகிறது என்பதுதான் முக்கியம். வேகமும் தரமும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

வேகத்தைப் பார்ப்போம். சாதாரண 1080பி வீடியோ, ஹெச்.264 என்ற பழைய சுருக்க முறையில் பதிவானால், நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி பிடிக்கும். புதிய ஹெச்இவிசி முறையில் சுமார் 60 எம்பி. அதே ஹெச்இவிசியில் 4கே, நொடிக்கு 60 ஃபிரேம் என்று வைத்தால் நிமிடத்துக்கு 400 எம்பி. இந்தக் கணக்கை ஐபோனின் கேமரா செட்டிங்ஸிலேயே பார்க்கலாம். ஆண்ட்ராய்டிலும் ஏறத்தாழ இந்த அளவில்தான் வரும். ஹெச்இவிசியில் எடுத்த ஒரு மணி நேர 1080பி வீடியோ என்றால் மூன்றரை ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. அதைப் புளூடூத்தில் அனுப்பினால் நொடிக்குக் கால் எம்பி போனாலே அதிகம். நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். புளூடூத்தை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபையில் பெரும்பாலும் நொடிக்கு நான்கைந்து எம்பி கிடைக்கும்; கால் மணி நேரத்தில் முடியும். 5 ஜிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 30 எம்பி கிடைத்தாலே இரண்டு நிமிட வேலை.

ஆகவே ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் ‘பேண்ட்’ என்று இருப்பதை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு லேப்டாப்பின் வைஃபை பட்டியலில் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரே வரவில்லை என்றால் அந்த லேப்டாப்புக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் வசதி இல்லை என்று பொருள், பழையபடி 2.4க்கே திரும்புங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டினால் வலுவிழந்துவிடும். போனை லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பெரிய கோப்பு போகும்போது திரையை அணைய விடாதீர்கள். பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போனே செயலியைப் பாதியில் நிறுத்திவிடும்.

இனி, பலரும் மாட்டிக்கொள்ளும் இடம்: இரண்டிலும் செயலி திறந்திருக்கும், ஆனால் ஒன்றின் கண்ணுக்கு மற்றொன்று தெரியாது. அநேகமாகக் காரணம் விண்டோஸில்தான் இருக்கும். புதிதாக இணையும் வைஃபையை அது ‘பப்ளிக் நெட்வொர்க்’ என்று எடுத்துக்கொண்டு, மற்ற கருவிகளிடமிருந்து லேப்டாப்பை மறைத்துவிடும். வைஃபை செட்டிங்ஸில் அந்த இணைப்பின் பெயரைத் திறந்து ‘பிரைவேட் நெட்வொர்க்’ என்று மாற்றுங்கள். சொந்த ஹாட்ஸ்பாட், வீட்டு வைஃபை இரண்டுக்கும் மட்டும் இதைச் செய்யுங்கள், பேருந்து நிலைய வைஃபைக்கு வேண்டாம். செயலியை முதல் முறை திறக்கும்போது, வெளி இணைப்புகளைத் தடுக்கும் விண்டோஸின் காவலான ஃபயர்வால் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். அவசரத்தில் அதை மூடிவிட்டிருந்தால் ஃபயர்வால் செட்டிங்ஸுக்குப் போய் அனுமதி கொடுக்க வேண்டும். இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். இத்தனைக்குப் பிறகும் தெரியாவிட்டால் லேப்டாப்பின் ஐபி முகவரியை (வலைக்குள் அதை அடையாளம் காட்டும் எண்) போனில் நேரடியாக அடித்து அனுப்பும் வசதி லோக்கல்சென்ட்டிலேயே இருக்கிறது.

கல்லூரி விடுதியிலோ லாட்ஜிலோ இருந்தால் அந்த இடத்து வைஃபையில் இது பெரும்பாலும் நடக்காது. அங்கெல்லாம் இணைந்திருக்கும் கருவிகள் ஒன்றோடொன்று பேசாதபடி பாதுகாப்புக்காகவே தடுத்து வைத்திருப்பார்கள். அப்போதும் உங்கள் ஹாட்ஸ்பாட்தான் கைகொடுக்கும்.

வேறு வழிகளும் இருக்கின்றன. கூகுள் 2020-இல் நியர்பை ஷேர் என்று கோப்பு அனுப்பும் வசதி ஒன்றைக் கொண்டுவந்தது, 2024 தொடக்கத்தில் சாம்சங்கின் குவிக் ஷேருடன் ஒன்றாகி இப்போது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஏற்கெனவே இருப்பதால் லேப்டாப்பில் மட்டும் நிறுவினால் போதும். லேப்டாப்பில் வைஃபையும் புளூடூத்தும் இரண்டுமே ஆனில் இருக்க வேண்டும். ஐபோனிலிருந்து மேக் என்றால் ஆப்பிளின் சொந்த வசதியான ஏர்டிராப் இருக்கிறது, யோசிக்கவே வேண்டாம். ஐபோனிலிருந்து விண்டோஸ் என்றால் லோக்கல்சென்ட்டுக்கே வாருங்கள், ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதி கேட்கும்போது மட்டும் மறுத்துவிடாதீர்கள். லேப்டாப்பில் எதையும் நிறுவ முடியாத நிலை, உதாரணத்துக்கு அலுவலகக் கணினி என்றால், போனில் உள்ள சில ஃபைல் மேனேஜர் செயலிகளில் எஃப்டிபி என்ற பழைய கோப்புப் பரிமாற்ற வசதி இருக்கும். அதை ஆன் செய்தால் ஒரு முகவரி காட்டும். விண்டோஸ் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் அதை அடித்தால் போனின் ஃபோல்டர்கள் திறக்கும். ஆனால் எஃப்டிபியில் போகும் எதுவும் குறியாக்கம் ஆவதில்லை, அதாவது அதே வலையில் இருப்பவர் இடைமறித்துப் படிக்க முடியும். சொந்த ஹாட்ஸ்பாட்டில் மட்டும் பயன்படுத்துங்கள்.

ஷேர்இட், ஜெண்டர் என்ற கோப்பு அனுப்பும் செயலிகளை யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் இரண்டும் இருந்தன. அதே பெயரில் எங்கேயோ கிடைக்கும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) இறக்கிப் போடுவது, வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பது மாதிரி.

வாட்ஸ்அப்பைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். வழக்கமான முறையில் வீடியோவாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கிவிடும். ஹெச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் மூலப் பிரதி அப்படியே போகாது. கைப்பேசித் திரையில் வித்தியாசம் தெரியாது, பெரிய திரையில் போட்டால்தான் தெரியும். எங்கள் திருவிழாவில் ஒரு வருடம் இரவுத் தேரை ஓர் அண்ணன் அருமையாக எடுத்திருந்தார். ஆனால் குழுவில் பகிர்ந்த பிரதிதான் மிஞ்சியது, போனில் இடமில்லை என்று மூலத்தை அழித்துவிட்டார். தேரின் விளக்குகள் திட்டுத் திட்டாகத் தெரிகின்றன. வடம் பிடித்தவர்களின் முகம் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. அதில் இருந்த பெரியவர்கள் சிலர் இப்போது இல்லை. அந்த வீடியோவை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இழந்த விவரம் இழந்ததுதான். அவசரத்துக்கு வாட்ஸ்அப்தான் வழி என்றால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். 2 ஜிபி வரை சுருங்காமல் போகும். ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் இரண்டு தடவை டேட்டா செலவாகும் என்பதால் உங்களுக்கு அது கட்டுப்படியாகாது.

லேப்டாப்புக்கு வந்த பிறகு வீடியோ திறக்கவில்லை, சத்தம் மட்டும் வருகிறது என்றால் கோப்பு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். ஹெச்இவிசியில் பதிவானதாக இருக்கும்; விஎல்சி பிளேயரில் திறந்தால் ஓடும். பென் டிரைவுக்கு மாற்றும்போது 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்க மறுத்தால் அந்தப் பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருக்கிறது. அதில் உள்ளதை வேறிடத்துக்கு எடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

போனில் அழிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் கோப்பின் அளவு ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு லேப்டாப்பில் வீடியோவின் நடுவிலும் கடைசியிலும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். கேலரியில் அழித்தவை வழக்கமாக ஒரு மாதம் வரை குப்பைத் தொட்டியில் கிடக்கும், அதுவரை போனில் இடம் காலியாகாது. அந்தக் குப்பைத் தொட்டியை, வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பிரதி எடுத்துவைத்த பிறகு காலி செய்யுங்கள்.