பெரியவர்களுக்குப் பாடம் எழுதும் வேலை: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

ஆசிரியர் பயிற்சி முடித்த மகள் பள்ளி வேலைக்கு முயலாமல், நிறுவனங்களுக்குப் பயிற்சிப் பாடம் தயாரிக்கும் வேலைக்குப் போகப் போவதாகச் சொல்கிறாள். அப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. அதைச் செய்பவரை இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர், அதாவது பயிற்சி வடிவமைப்பாளர் என்பார்கள். மருத்துவமனையோ வங்கியோ தொழிற்சாலையோ, புதிய ஆட்கள் சேரும் இடத்திலும் விதிமுறை மாறும் இடத்திலும் புதிய இயந்திரம் வந்து இறங்கும் இடத்திலும் யாரோ ஒருவர் பயிற்சிப் பாடம் எழுதித்தான் ஆக வேண்டும்.

உங்களை அதிகம் உறுத்துவது இன்னொன்று என்று நினைக்கிறேன். ஐந்து மாதமாக அவள் ஒவ்வொரு மென்பொருளாகக் கற்றுக்கொண்டே இருக்கிறாள்; எங்கும் விண்ணப்பிக்கவில்லை. இதில் நான் உங்கள் பக்கம். பவர்பாயிண்டும், கணினிவழிப் பாடம் உருவாக்க உதவும் ஸ்டோரிலைனும் தெரிந்திருக்க வேண்டியவைதான். ஆனால் அவற்றின் அடிப்படையைச் சில வாரங்களில் படித்துவிடலாம். ஒரு பணியாளர் வேலையில் சரியாக எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று கண்டுபிடித்து, அந்த இடத்துக்குப் பயிற்சி அமைக்கும் திறமைக்குத்தான் நாளாகும். இந்தத் தொழிலின் உயிர் அதில்தான் இருக்கிறது.

நீங்கள் 22 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருப்பீர்கள்! அவற்றில் எது மனதில் நின்றது என்று யோசித்துப் பாருங்கள். வயது வந்தோர் கல்வியைப் பற்றி நிறைய எழுதிய அமெரிக்கர் மால்கம் நோல்ஸ், 1970இல் வெளியான தம் நூலில் இதைத்தான் விரித்துப் பேசினார். பெரியவர்கள் வெறும் மனதோடு வகுப்புக்கு வருவதில்லை, அனுபவத்தோடு வருகிறார்கள். இன்று என் வேலையில் இருக்கும் சிக்கலுக்கு இது உதவுமா என்று கேட்கிறார்கள். குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னால் மனதை மூடிக்கொள்கிறார்கள். பள்ளிப் பாடம் நடத்தப் பயிற்சி பெற்ற உங்கள் மகள் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் இதுதான்.

உங்கள் துறையிலிருந்தே ஓர் உதாரணம். கை சுத்தம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டிய ஐந்து தருணங்களைச் சொல்கிறது. வழக்கமான பாடம் ஐந்தையும் ஐந்து ஸ்லைடில் போட்டு, கடைசியில் “ஐந்து தருணங்கள் யாவை?” என்று கேட்கும். எல்லோரும் சரியாக விடை எழுதிவிடுவார்கள். வார்டுக்குள் எதுவும் மாறாது.

நல்ல வடிவமைப்பாளர் முதலில் வார்டில் போய் நிற்பார். நோயாளியைத் தொட்டபின் கை கழுவுகிறவர்கள்கூட, கட்டில் கம்பியை மட்டும் சரிசெய்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடுவதைப் பார்ப்பார். நோயாளியைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்டபின் கை சுத்தம் செய்வதும் அந்த ஐந்தில் ஒன்று; தவறிப்போக வாய்ப்பு அதிகம் உள்ள தருணம். ஆகவே பாடம் இப்படித் தொடங்கும்: “நோயாளியைத் தொடவில்லை. கட்டில் கம்பியை மட்டும் உயர்த்தினீர்கள். அடுத்த கட்டிலிலிருந்து அவசரமாக அழைக்கிறார்கள். என்ன செய்வீர்கள்?” கற்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். அதன் விளைவைப் பார்க்கிறார். விளக்கம் அதன் பிறகுதான் வருகிறது. அந்தப் பாடத்துக்கு அசையும் படமோ பின்னணி இசையோ தேவையில்லை. தான் தினமும் நிற்கும் இடத்தைப் பாடத்தில் பார்த்தவுடன் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். ஈர்ப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

வார்டில் போய் நின்றால் இன்னொன்றும் தெரியவரலாம். கை கழுவும் திரவம் வார்டின் மறுகோடியில் இருந்தால் எந்தப் பாடமும் அதைச் சரிசெய்யாது. “இதற்குப் பயிற்சி வேண்டாம், புட்டியை இடம் மாற்றுங்கள்” என்று மேலாளரிடம் சொல்லும் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். அப்படிச் சொல்பவரை நல்ல நிறுவனங்கள் விடமாட்டார்கள்.

அவள் படிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, மனப்பாடம் செய்தது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்று அளந்து காட்டினார். இடைவெளி விட்டுத் திரும்பச் சந்திப்பதும், பார்க்காமல் நினைவுகூர்ந்து பார்ப்பதும் மறதிக்கு எதிராக நிற்கும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின. ஒரே நாளில் எட்டு மணி நேரம் திணிப்பதைவிட, சில வாரங்களில் பரப்பிய பத்து நிமிடப் பயிற்சிகளை நம்பலாம். பயிற்சியின் பயனை அளக்க அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்த நான்கு படிகளும் தெரிந்திருக்க வேண்டும்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. பெரும்பாலானோர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். அவள் மூன்றாவது படியைப் பற்றி நேர்காணலில் பேசினால் கவனிப்பார்கள். “சிலர் கண்ணால் கற்பவர், சிலர் காதால் கற்பவர்” என்று ஆட்களைப் பிரித்துப் பாடம் தயாரிக்கச் சொல்லும் வகுப்புகளுக்குப் பணம் கட்ட வேண்டாம். அந்தப் பிரிவினையால் கற்றல் மேம்படுகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைப் பறித்துவிடாதா என்ற உங்கள் அச்சத்துக்கும் ஒரு வார்த்தை. கையில் உள்ள தகவலை ஸ்லைடாக மாற்றித் தருவது மட்டுமே தெரிந்தவர்களுக்கு அந்த ஆபத்து உண்மையானது. எந்தக் கட்டில் அருகே யார் தடுமாறுகிறார் என்று போய்ப் பார்த்து, கேட்டு அறிகிறவரின் நிலை வேறு.

சான்றிதழ்களைவிட மூன்று மாதிரிகள் அவளுக்குக் கதவு திறக்கும்: கட்டில் கம்பிக் கேள்வி போன்ற ஒரு சூழல் பயிற்சி, வேலை செய்யும்போதே கையில் வைத்துப் பார்க்க ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாள், பயிற்சியாளர் ஒருவர் வகுப்பு நடத்துவதற்கான கையேடு. ஒவ்வொன்றுடனும் என்ன சிக்கல், யாருக்கு, எதை ஏன் வெட்டினேன் என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். பாடத்துக்கான விஷயத்தைத் தரும் துறை வல்லுநர் எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்வார். எதை விடலாம் என்று அவரோடு பொறுமையாகப் பேசி முடிவெடுப்பது வேலையில் பாதி.

அவளுடைய முதல் துறை வல்லுநர் நீங்களே ஆகலாம். வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் புதிய செவிலியர்கள் எதில் தடுமாறுவார்கள் என்று அவள் உங்களிடம் ஒரு மணி நேரம் கேட்கட்டும். நீங்கள் எதையும் எழுதிக்கொடுக்க வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள், கேள்விகளை அவளே தேடட்டும். இரண்டு வாரத்தில் அதை ஒரு பாடமாக்கி உங்கள் முன் வைக்கட்டும். அவள் அருகில் இருந்து எதையும் விளக்காமல், நீங்கள் மட்டும் அதைச் செய்து பாருங்கள். எந்தத் திரையில் அலுத்தது, எந்த இடத்தில் “இது அப்படியே எங்கள் வார்டு” என்று தோன்றியது என்று குறித்துக்கொடுங்கள். அந்தக் குறிப்போடு இருவரும் என்னை வந்து பாருங்கள். விண்ணப்பங்களை அன்றே தொடங்கிவிடலாம்.