ரயிலில் அழுதவன் என்னிடம் ஏன் அழவில்லை?

கேள்வி:

வணக்கம். எனக்கு வயது 37. ராஜபாளையம் பக்கம் ஒரு ஊர். போன ஆடியில் என் கணவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். ஒரே மகன், ஆறாவது படிக்கிறான். கொள்ளி வைத்தது அவன்தான். அன்றைக்கும் அழவில்லை, அதற்குப் பிறகும் வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அப்பா பேச்சை எடுத்தாலே "ஹோம்வர்க் இருக்கும்மா" என்று எழுந்துவிடுவான். பிள்ளை தாங்கிக்கொண்டான் என்று சொந்தக்காரர்கள் சொன்னதை நானும் நம்பினேன்.

போன மாதம் சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பொதிகையில் திரும்பினோம். எதிரே ஒரு வயதான அம்மா. அசதியில் நான் சீக்கிரமே மேலே ஏறிப் படுத்துவிட்டேன். காலையில் சிவகாசியில் இறங்கும் முன் அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "பையன் ராத்திரி ரொம்ப நேரம் அழுதான் தாயி. அவங்கப்பா தண்ணி கேட்டாராம். இவன் போன்ல விளையாடிக்கிட்டு 'இருங்கப்பா'ன்னு சொல்லிட்டானாம். அதனாலதான் செத்துட்டாருன்னு நெனைக்கிறான். திட்டிறாதீங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போய்விட்டது. பெற்றவளிடம் சொல்லாததை, பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் சொல்லியிருக்கிறான். நான் என்ன குறை வைத்தேன்? அந்த ராத்திரி அவர் நெஞ்சு எரிகிறது என்றபோது, கேஸ் என்று நினைத்து மாத்திரை கொடுத்தது நான்தான். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. மகனிடம் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளலாமா? வெளியாட்களிடம் இப்படிப் பேசாதே என்று கண்டிக்க வேண்டுமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கண்டிக்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை. மாத்திரை கொடுத்த விஷயத்தை அம்மாவிடமோ மாமியாரிடமோ சொல்லாமல், முகம் தெரியாத எனக்கு எழுதியிருக்கிறீர்கள். ஏன்? அவர்கள் மேல் பாசம் இல்லாமலா? சொன்னால் அவர்கள் உடைந்துவிடுவார்கள், அல்லது "அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே" என்று ஒரு வார்த்தை விழுந்துவிடும். அதே பயம்தான் உங்கள் மகனுக்கும். தண்ணீர் விஷயத்தை உங்களிடம் சொல்லி, உங்கள் முகம் ஒரு நொடி மாறினாலும் அவனுக்கு அது தீர்ப்பு. அந்தப் பாட்டிக்கு அவன் அப்பாவைத் தெரியாது. அவர் அழப்போவதில்லை, கோபப்படப்போவதில்லை, விடிந்தால் இறங்கிப் போய்விடுவார். மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவரைப் பார்த்துக் கூச வேண்டியதும் இல்லை. ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908லேயே இதைப் பற்றி எழுதினார்: நெருங்கியவர்களிடம் மறைப்பதை மனிதர்கள் அந்நியரிடம் கொட்டிவிடுவது உண்டு.

இன்னொரு காரணம் இருக்கிறது. சாவு வீட்டில் கொள்ளி வைத்த பையனைக் கட்டிக்கொண்டு யாராவது "இனிமே நீதான்டா அம்மாவைப் பாத்துக்கணும், நீ அழுதா அம்மா தாங்குவாளா?" என்று சொல்லியிருப்பார்கள். சொல்லாத வீட்டை நான் பார்த்ததே இல்லை. சொன்னவர்கள் நல்லெண்ணத்தில் சொல்லி, காரியம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள். அவனோ அதை வேலையாகவே எடுத்துக்கொண்டான். "ஹோம்வர்க் இருக்கும்மா" என்று எழுந்து போவது உங்களை அழவிடாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் என்று நினைக்கிறேன். நீங்களும் அவன் முன்னால் அழாமல் அடக்கியிருப்பீர்கள். அவனுக்காக நீங்கள், உங்களுக்காக அவன். துக்கம் நடந்த வீடுகளில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கனத்துப்போகிறது.

வெளியாளிடம் பேசியதில் நன்மையும் உண்டு. அமெரிக்காவின் போர்ட்லேண்டில் 1982ல் தொடங்கிய டகி சென்டர் இதற்காகவே நடக்கிறது. வீட்டில் ஒருவரை இழந்த பிள்ளைகள் அங்கே தங்களைப் போன்ற மற்றப் பிள்ளைகளோடு கூடி விளையாடுவார்கள், தோன்றினால் பேசுவார்கள். உங்கள் மகனுக்கு அந்த இரவு அப்படி ஒரு வாய்ப்பு. முதல் முறையாக அவன் வாயைத் திறந்திருக்கிறான்.

ஆனால் அந்தக் குற்ற உணர்வை அப்படியே விட்டுவிடக் கூடாது. இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுவதால் வருவது மாரடைப்பு. ஒரு டம்ளர் தண்ணீர் அதைத் திறந்திருக்காது. இது அவன் காதில் விழ வேண்டும். எப்படி? எதிரே உட்காரவைத்து, "எனக்கு எல்லாம் தெரியும், சொல்லு" என்று ஆரம்பிக்காதீர்கள். வண்டியில் போகும்போதோ, துணி மடிக்கும்போதோ, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லாத நேரமாகப் பார்த்து, உங்கள் கதையைச் சொல்லுங்கள். "அன்னைக்கு அப்பா நெஞ்சு எரியுதுன்னாரு, நான் கேஸ்னு நெனைச்சு மாத்திரை குடுத்தேன்டா. என்னாலதானோன்னு ரொம்ப நாளா உள்ளுக்குள்ள இருக்கு." அப்புறம் சும்மா இருங்கள். அவன் அன்றே பேசாமல் போகலாம், பரவாயில்லை. நீங்கள் அழுதால் அழுங்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோசை சுடப் போவதையும் அவன் பார்க்கட்டும். அம்மா அழுதாலும் உடைந்துவிட மாட்டாள் என்று அவனுக்குத் தெரிய வேறு வழியில்லை.

"அந்தப் பாட்டி சொன்னாங்களா?" என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "ஆமா, உன் மேல இருந்த அக்கறையில சொன்னாங்க" என்றால் போதும்.

"இனிமே நீதான் பாத்துக்கணும்" என்ற வார்த்தையையும் நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். "வீட்டைப் பாத்துக்க நான் இருக்கேன், நீ படி, விளையாடு" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அடுத்த ஆடியில் முதல் வருஷத் திதி வரும். உறவுகள் கூடி அதே பேச்சைத் திரும்ப எடுப்பார்கள். பெரியவர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திதியில் என்ன செய்ய விருப்பம், எது வேண்டாம் என்று அவனையும் கேளுங்கள்.

பாஸ்டன் பகுதியில் தாயையோ தந்தையையோ இழந்த 125 பிள்ளைகளை வில்லியம் வோர்டன், ஃபிலிஸ் சில்வர்மேன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். பிள்ளை எப்படித் தேறுகிறது என்பது, இருக்கும் பெற்றோர் எப்படி இருக்கிறார் என்பதைப் பெரிதும் பொறுத்திருந்தது. அதனால் உங்களுக்கும் பேச ஓர் ஆள் வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

போனில் வரும் முகம் தெரியாதவர்கள் விஷயம் மட்டும் வேறு. கேம் ஆடும்போது அறிமுகமாகும் யாராவது "அம்மாகிட்ட சொல்லாதே" என்றாலோ, போட்டோ கேட்டாலோ, தனியாக வரச் சொன்னாலோ, உடனே உங்களிடம் வரச் சொல்லுங்கள். அப்படி வந்தால் போனைப் பிடுங்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள். பிள்ளைகளே கூப்பிடக்கூடிய 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

தூக்கம் கெட்டு, பள்ளிக்குப் போக மறுத்து, வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். "நானும் அப்பாகிட்டயே போறேன்" என்று ஒரு தடவை சொன்னாலும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.